கவரை எடுத்து வச்சாச்சு

அந்தப் பைக்குள்ள இருக்கிறது கம்ப்யூட்டர்தானே தம்பி? மடியில வச்சுக்காதீங்க. கீழ வைங்க, இல்லன்னா என்கிட்ட குடுங்க. சூடு அப்படியே மடிக்கு ஏறிரும். அணைச்சுத்தான் வச்சிருக்கீங்களா? அணைச்சு வச்சாலும் எனக்கு நம்பிக்கை இல்ல. கம்ப்யூட்டர் சூட்டுனால ஒரு குடும்பம் படற பாட்டைப் பக்கத்துலேருந்து பார்த்தவன் நான். வேற யார் குடும்பம், என் குடும்பம்தான்.

எங்க இறங்கணும்? சீர்காழியா? நல்லதாப் போச்சு. நான் வைத்தீஸ்வரன் கோயில், உங்களுக்கு முந்தின ஊரு. அதுவரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு. கும்பகோணத்துல ஏறினதுலேருந்து ஜன்னலையே பார்த்துக்கிட்டு வர்றீங்களே, வெளியில என்ன இருக்கு, வயல்தானே.

என் பேரு கோதண்டம். துறையூர்ல மங்கள ஓலை திருமண தகவல் மையம் வச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டு எதிர மாடியில, பல் டாக்டருக்கும் டெய்லருக்கும் நடுவுல. ஜாதகம் கணிக்கிறது, பொருத்தம் பார்க்கிறது, பொண்ணு வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் உட்கார வச்சுப் பேசறது, எல்லாம் நான் ஒருத்தன்தான். எங்க பக்கம் எந்த மண்டபத்துக்குள்ள போனாலும் ரெண்டு பேராவது எந்திரிச்சு, நம்ம கல்யாணம் இவரு முடிச்சு வச்சதுன்னு சொல்லிக் கும்பிடுவாங்க. அப்பல்லாம் பெருமையா இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா இருக்காது. ஏன்னா என் பையனுக்கு முப்பத்தி நாலு முடியுது, இன்னும் ஒண்ணும் அமையல.

இளம்பரிதின்னு பேரு. கால்நடை டாக்டர். ஒரு குறை சொல்ல முடியாது. என்ன, பேச மாட்டான். மாடு ஆடுகிட்ட மணிக்கணக்கா பேசுவான், மனுசன்னு வந்துட்டா உம்முனு இருப்பான். அவங்க அம்மா போனப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். சாப்பாடு மெஸ்லேருந்து வரும். ரெண்டு பேரும் டி.வி.யைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவோம். ஊருக்கெல்லாம் பந்தக்கால் நட்டவன், என் வாசல்ல ஒரு வாழைமரம் கட்ட வக்கில்லையேன்னு எனக்குள்ள ஒரு அழுகை இருந்துக்கிட்டே இருக்கும். இருக்கட்டும். கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வர்றேன்.

பொருத்தம் பார்க்கிற சாப்ட்வேர்ல புதுசு ஒண்ணு வந்துச்சு. பழசுல ஒரு பையன் ஜாதகம், ஒரு பொண்ணு ஜாதகம், ரெண்டையும் போட்டா பத்துப் பொருத்தமும் சொல்லும். புதுசுல அப்படி இல்ல. ஒரு ஜாதகத்தைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினா, நம்ம மையத்துல பதிஞ்சு வச்சிருக்கிற அத்தனை ஆயிரம் ஜாதகத்தோடயும் மோதிப் பார்த்து, தசா புத்தி எல்லாம் அலசி, இருக்கிறதுலயே நல்லதை மேல கொண்டுவந்து நிறுத்தும். ஆனா என் பழைய பெட்டி அதுக்குத் தாங்காது. அதனால ரபீக்கைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவரு, நல்ல மனுசன். பெட்டி அதே பெட்டி இருக்கட்டும், உள்ள மூளையை மட்டும் மாத்திருவோம் அண்ணேன்னாரு. புது பிராசசரு, புது போர்டு, பிராசசர் மேல உட்கார்றதுக்கு இத்தத் தண்டி ஃபேனு.

நல்ல நாள் பார்த்து, ராகு காலம் கழிச்சு, மாட்ட ஆரம்பிச்சாரு. பிராசசர் மேல விபூதியைக் குழைச்ச மாதிரி ஏதோ பேஸ்ட்டைத் தடவினாரு. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போனு. கீழ போய்ப் பேசிட்டு வர்றேன்னு போயிட்டாரு. எனக்கோ முகூர்த்தம் தப்புது. ஃபேனு மேசையில சும்மா இருக்கு. எந்த ஓட்டையில எது போகும்னு பார்த்தாலே தெரியுது. நானே தூக்கி வச்சு அமுக்கினேன். டக்கு டக்குனு நாலு காலும் உட்கார்ந்துருச்சு.

ரபீக் வந்து பார்த்தாரு. நீங்களே மாட்டிட்டீங்களா அண்ணே, பரவாயில்லையேன்னாரு. அப்புறம் கேட்டாரு, "கவரை எடுத்துட்டீங்கள்ல?"

"எடுத்து வச்சாச்சு" ன்னேன்.

இந்த இடத்தை மனசுல வச்சுக்கங்க தம்பி. பின்னாடி எல்லாரும் என்னைத்தான் குத்தம் சொன்னாங்க. அவரு என்ன கேட்டாரு, கவரை எடுத்தீங்களா. நான் எடுத்தேன். அட்டைப்பெட்டி, உள்ள இருந்த பிளாஸ்டிக் உறை, தெர்மாகோல், மிச்சம் இருந்த பேஸ்ட் டியூபு, எல்லாத்தையும் பத்திரமா எடுத்து பீரோவுல வச்சாச்சு. நான் கவர் விஷயத்துல ரொம்பக் கறாரு. எங்க வீட்டு பிரிட்ஜ் கதவுல கம்பெனி ஒட்டின பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்கு. ஸ்கூட்டர் சீட்டுல பாலிதீன் உறை கிழிஞ்சு தொங்குது, நான் கழட்டல. சோபாவுல உட்கார்ந்தா சரக்கு சரக்குனு சத்தம் வரும். என் சம்சாரம் திட்டிக்கிட்டே இருப்பா. நான் கேப்பேன், உரிச்சா அழுக்காகுமா ஆகாதா?

கம்ப்யூட்டர் ஜம்முனு ஓடுச்சு. சந்தனப் பொட்டு, குங்குமம் வச்சேன். வர்றவங்க ரெண்டு ஜாதகத்தைக் குடுத்தா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பொருத்தம் வந்துரும். ஒரு கோளாறும் இல்ல.

அப்பத்தான் செண்பகவல்லி டீச்சர் வந்தாங்க. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் இல்ல. ஒரே பொண்ணு வான்மதி, பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தர்ற பொண்ணு. வயசு முப்பத்தொண்ணு. டீச்சர் சொன்னாங்க, எங்களுக்கு வரன் கொண்டுவர சொந்தம் பந்தம் கிடையாது, உங்க மையத்துல இருக்கிற அத்தனை ஜாதகத்தோடயும் பார்த்துச் சொல்லுங்கன்னு. அதுவரைக்கும் அந்தப் புதுப் பட்டனை நான் அமுக்கினதே இல்ல. இவங்களுக்குத்தான் முதல் தடவை. அமுக்கினேன்.

ஃபேனு சத்தம் பெருசாச்சு. புளியமரத்துல காத்தடிக்கிற மாதிரி கூவுது. கொஞ்ச நேரத்துல பொட்டுனு அணைஞ்சு போச்சு.

கரண்ட் போயிருச்சோன்னு பார்த்தா, டெய்லர் கடையில மெசின் ஓடுது. பெட்டி மேல கையை வச்சேன், தோசைக்கல்லு. சரி, இன்னிக்கு நாள் சரியில்ல, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். மறுநாள் போட்டேன், அதே மாதிரி. வாஸ்து சரியில்லையோன்னு பெட்டியைத் தெற்குச் சுவர்லேருந்து கிழக்குச் சுவருக்கு மாத்தினேன். அணைஞ்சுது. பக்கக் கதவைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை நேரா வச்சேன். கொஞ்ச நேரம் கூட நின்னுட்டு அணைஞ்சுது. ரபீக் வந்து தூசி ஊதினாரு, பவர் சப்ளையை மாத்தினாரு, வயரெல்லாம் அசைச்சுப் பார்த்தாரு. அந்தப் பெரிய ஃபேனைக் கழட்டிப் பார்ப்போமான்னு கேட்டாரு. முகூர்த்தத்துல மாட்டினதை அஷ்டமியில கழட்டுவாங்களான்னு நான் விடல. ஃபேன்தான் சுத்துதே.

இத்தனைக்கும் மத்தவங்க ஜாதகத்துக்கு ஒண்ணும் ஆகல தம்பி. ரெண்டு ரெண்டா போட்டா சொகுசா ஓடுது. வான்மதி ஜாதகத்தைப் போட்டுப் பட்டனை அமுக்கினா மட்டும் அணையுது. ஒருத்தருக்குன்னா யதேச்சைன்னு விடலாம். ஒவ்வொரு தடவையுமா? அப்பத்தான் அந்தக் கட்டத்தை உத்துப் பார்த்தேன். எட்டுல செவ்வாய். எனக்கு உச்சந்தலையில ஆணி அடிச்ச மாதிரி ஆயிருச்சு. செவ்வாய்னா என்ன, நெருப்பு. எத்தனையோ செவ்வாய் தோஷம் பார்த்திருக்கேன், மெசினையே சுடற செவ்வாயை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

நான் இதை வெளியில சொல்லல. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல. டெய்லர்கிட்ட மட்டும் சொன்னேன், பக்கத்துக் கடை, மறைக்க முடியாது. பல் டாக்டர்கிட்ட சொன்னேன், படிச்சவரு, விஞ்ஞான ரீதியா ஏதாவது சொல்லுவாருன்னு. டீக்கடையில பேர் சொல்லாம, பாலிடெக்னிக் பொண்ணுன்னு மட்டும் சொன்னேன். பூக்கடையில அவங்களே கேட்டாங்க.

இதுக்கிடையில பெரம்பலூர்லேருந்து ஒரு மாப்பிள்ளை வீடு, அவங்களா வேற வழியில வந்து, வான்மதியைப் பிடிச்சுப்போய், தாம்பூலம் மாத்தற வரைக்கும் வந்துட்டாங்க. முடிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்க. நான் என்ன பண்றது? பொய் சொல்லலாமா? பொண்ணு தங்கம், குடும்பம் தங்கம், ஜாதகம்தான் கொஞ்சம் சூடு, என் கம்ப்யூட்டராலயே தாங்க முடியல, உங்க பையன் தாங்குவாரான்னு நீங்களே யோசிச்சுக்கங்கன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவங்க அதோட போனவங்கதான்.

ரெண்டு நாள் கழிச்சு, மத்தியானம், வான்மதி நேரா மாடிக்கு வந்துருச்சு. நான் கோவமா கத்தும்னு நினைச்சேன். கத்தல. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உட்கார்ந்துச்சு. "என் ஜாதகத்தைப் போடுங்க சார். அது எப்படி எரியுதுன்னு நான் பார்க்கணும்" ன்னுச்சு. குரல் நடுங்குச்சு. கண்ணுல தண்ணி இல்ல, ஆனா இருந்திருக்கும் போல, வர்ற வழியில துடைச்சிருக்கும். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் என்ன பண்ணுவேன், கிரகம் பண்றது.

அந்த நேரம் என் பையன் மெஸ் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வந்து நின்னான். உட்காருடான்னேன். நின்னான்.

போட்டேன். கூவுச்சு. அணைஞ்சுது. "பார்த்தியாம்மா?" ன்னேன். அந்தப் பொண்ணு, "இப்ப உங்க ஜாதகத்தைப் போட்டு, எல்லாப் பொண்ணுங்க ஜாதகத்தோடயும் பாருங்க" ன்னுச்சு. என்னம்மா, அறுபத்தி ரெண்டு வயசுல எனக்குப் பொருத்தமான்னேன். போடுங்கன்னுச்சு. ஆற விட்டுப் போட்டேன். அதுவும் அணைஞ்சு போச்சு தம்பி. அந்தப் பொண்ணு ஜெயிச்ச மாதிரி என்னைப் பார்த்துச்சு. நான் விளக்கினேன், அம்மா, இது உன் சூடுதான், பெட்டிக்குள்ள இன்னும் முழுசா ஆறல, என் ஜாதகம் போய் அதுல மாட்டிக்கிச்சுன்னு. பின்னாடி யாரோ சிரிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தா என் பையன். அவன் சிரிச்சு நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியல.

அவன் வந்து, மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பெட்டி மேல உள்ளங்கையை வச்சுப் பார்த்தான். "மேல சூடு கம்மியா இருக்கு. உள்ளதான் இருக்கு. வெளிய வர வழி இல்ல போல" ன்னான். அந்தப் பொண்ணு அவனை நிமிர்ந்து பார்த்துச்சு. திருப்புளி இருக்கான்னு கேட்டுச்சு. நான் எந்திரிச்சு, இன்னிக்குக் கரிநாள்மான்னேன். ரெண்டு பேரும் கேக்கல. இவன் போன்ல டார்ச் அடிக்கிறான், அது அந்த ஃபேனைக் கழட்டுது.

கழட்டித் திருப்புச்சு. அடியில கண்ணாடி மாதிரி பளபளன்னு செம்பு. அந்தச் செம்பு மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாளு, பேஸ்ட்டெல்லாம் அது மேலதான் அப்பியிருக்கு. ஓரத்துல சிவப்பு எழுத்து. அந்தப் பொண்ணு படிச்சுத் தமிழ்ல சொல்லுச்சு, "உரித்துவிட்டுப் பொருத்தவும்." சூடு செம்புக்குப் போனாத்தான் சார் ஃபேனு ஆத்தும், நடுவுல மழைக்கோட்டு போட்டு விட்டிருக்கீங்கன்னுச்சு. யார் மாட்டினதுன்னு கேட்டுச்சு. ரபீக்குன்னேன். உடனே ரபீக்குக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சான் என் பையன்.

"நான்தான் கேட்டேனே அண்ணே, கவரை எடுத்துட்டீங்களான்னு?"

"நானும் எடுத்து வச்சாச்சுன்னு சொன்னேனே!"

பீரோவைத் திறந்து காட்டினேன். அட்டைப்பெட்டி, உறை, எல்லாம் அப்படியே இருக்கு. இதுல என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்க. எடுத்தீங்களான்னு கேட்டா எடுத்தாச்சு. உரிச்சீங்களான்னு கேட்டிருந்தா உரிக்கலைன்னு சொல்லியிருப்பேன். நான் எதைத்தான் உரிச்சிருக்கேன் வாழ்க்கையில? ஆனா ஒண்ணு, மிச்ச பேஸ்ட் டியூபை நான் எடுத்து வச்சதாலதானே அந்தப் பொண்ணு மறுபடி தடவ முடிஞ்சுது. அதை யாரும் சொல்லல.

தாளை உரிச்சுத் தூக்கிப் போடப் போச்சு. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். இதோ பாருங்க, பர்ஸ்ல இருக்கு. தொடலாம், இப்ப சூடு இல்ல.

மாட்டிப் போட்டதும் பெட்டி கப்சிப்னு ஆயிருச்சு. பட்டனை அமுக்கினா ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு, அணையவே இல்ல. நான் கையைக் கூப்பி நின்னேன். முதல் தடவையா கடைசி வரைக்கும் ஓடி, லிஸ்ட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணுதான் படிச்சுது. முதல் பேரு, பத்துக்கு ஒன்பது பொருத்தம், "இளம்பரிதி, தகப்பனார் பெயர் கோதண்டம், துறையூர்."

என் பையன் டார்ச்சை அணைக்க மறந்துட்டு நிக்கிறான். வெளிச்சம் நேரா அந்தப் பொண்ணு மூஞ்சியில அடிக்குது. அது கண்ணைச் சுருக்கிக்கிட்டு, யாரு சார் இதுன்னு என்கிட்ட கேட்டுச்சு. கையில டார்ச் வச்சிருக்கிறவன்தான்னு சொன்னேன். அது டக்குனு எந்திரிச்சுது. பையை எடுத்துக்கிட்டு, இனிமே நல்லா ஓடும் சார்னு சொல்லிட்டு இறங்கிப் போயிருச்சு. இவன் சாப்பாட்டை என் மேசையில வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். சாம்பார் இல்லாம வெறும் சோறு. சாம்பாரை அவனே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

மறுநாள் காலையில ஷேவிங் பண்ணிக்கிட்டே கேக்குறான், "அந்தப் பொருத்தம் சரியாத்தானேப்பா இருக்கும்?" இத்தனை வருஷத்துல ஒரு ஜாதகத்தைப் பத்தி என்கிட்ட அவன் வாயைத் திறந்தது கிடையாது. தோஷம்? இருந்துச்சு, யார் இல்லைன்னா. என் மையத்துல, என் கண் முன்னாடி, தாளோட தாளா உரிஞ்சு போச்சு. இந்த வட்டாரத்துல இப்படி ஒரு நிவர்த்தி நடந்ததே இல்ல. அன்னிக்கே பழத்தட்டை எடுத்துக்கிட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிட்டேன்.

டீச்சர் காபி குடுத்தாங்க. நல்ல காபி. நான் விஷயத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு, முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம சொல்றாங்க, "நாங்களும் உங்க பையன் ஜாதகத்தை எங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோங்க. அணைஞ்சு போச்சு."

நான் டபராவைக் கீழ வச்சேன். சரியாப் பார்த்தீங்களான்னேன். ரெண்டு தடவை பார்த்தோம்னாங்க. உள்ள அந்தப் பொண்ணு விடாம இருமுற சத்தம் கேட்டுச்சு. சளி போல, பாவம். நான் கேட்டேன், ஒருவேளை உங்க வீட்டுல கரண்ட் போயிருக்குமோன்னு. டீச்சர் சொன்னாங்க, எங்களுது லேப்டாப்புங்க, பேட்டரி இருக்குன்னு. யோசிச்சுப் பாருங்க தம்பி. என் பெட்டி கரண்டுல ஓடறது, அணைஞ்சா அர்த்தம் இருக்கு. பேட்டரியில ஓடறதையே அணைக்குதுன்னா என் பையன் ஜாதகத்துல எவ்வளவு உக்கிரம் இருக்கணும்? நான் கணிச்ச ஜாதகம்! பெத்த பாசத்துல எதையோ பார்க்காம விட்டிருக்கேன்.

அந்தம்மா பொய் சொல்ற ஆளு இல்ல. காலமெல்லாம் கணக்கு வாத்தியார். பரிகாரம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க. "எங்க பொண்ணு ஜாதகம் சூடுன்னு எங்கெங்க சொன்னீங்களோ, அங்கெல்லாம் நீங்களே போயி, சூடு என் பொட்டிக்குத்தான், நான்தான் தாளை உரிக்கலைன்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்." இப்படி ஒரு பரிகாரத்தை நான் எந்தச் சுவடியிலயும் படிச்சதில்ல. ஆனா பையன் கல்யாணமாச்சே. டெய்லர்கிட்ட சொன்னேன். பல் டாக்டர்கிட்ட, அவரு வாயில கருவியோட ஒருத்தர் படுத்திருக்கும்போதே சொன்னேன். பூக்கடை, டீக்கடை. பெரம்பலூருக்கே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். அவங்க, அப்படின்னா மறுபடி பேசலாமான்னாங்க. இல்லைங்க, இடம் முடிஞ்ச மாதிரின்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.

அது டீச்சர் சொன்ன பரிகாரம். அதோட நிறுத்தினா என் மனசு ஆறுமா? செவ்வாய்க்குன்னு ஒரு சன்னதி இருக்கும்போது? அதான் வைத்தீஸ்வரன் கோயில். உப்பும் மிளகும் வாங்கிப் போட்டு, இந்தத் தாளையும் அங்கயே விட்டுட்டு, ஒரு அர்ச்சனை. பையன்கிட்ட சொன்னேன், நீயும் வாடா, உனக்குத்தானேன்னு. இல்லப்பா, நீங்க போயிட்டு நிதானமா வாங்க, அவசரமே இல்லன்னான். சொல்லும்போது போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சொல்றான். இப்பல்லாம் எந்நேரமும் போனைப் பார்த்துச் சிரிக்கிறான். மனசுல இருக்கிற பயத்தை எனக்குக் காட்டாம மறைக்கிறான், நல்ல பிள்ளை. நேத்து நான் இல்லாத நேரத்துல சோபா உறையை வேற கிழிச்சு எடுத்துட்டான். ஏன்டான்னு கேட்டா, வீட்டுக்கு யாராவது வந்தா சத்தம் போடக் கூடாதுல்லன்னான். எங்க வீட்டுக்கு யார் வரப் போறா?

அதான் தம்பி, உங்க பையைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. பையன் ஜாதகம் பென் டிரைவ்ல இருக்கு, சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். சாப்ட்வேரும் அதுலயே இருக்கு. உங்க லேப்டாப்புல ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துருவோமா? புதுசுதானே, தாளெல்லாம் உரிச்சாச்சா? கோயிலுக்கு முன்னாடி ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை பார்த்தா வித்தியாசம் தெரிஞ்சிரும். அணைஞ்சா என் பொறுப்பு, ரபீக் இருக்காரு.

ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க? இது குத்தாலம். நீங்க சீர்காழின்னுல்ல சொன்னீங்க? சரி, இறங்கறதுன்னா இறங்குங்க, பார்த்து இறங்குங்க. அந்தப் பையை மட்டும் கொஞ்ச நேரம் குடுத்துட்டு இறங்குங்களேன். அவனுக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரு தடவை தெரிஞ்சாப் போதும் எனக்கு.